நகையும் உவகையும்: ஓர் ஆங்கிலச் சொல்

டில்லியிலும் கொல்கத்தாவிலும் வளரும் நம் பிள்ளைகளுள் பலர் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். எழுதுவதென்றால் ஆங்கிலத்தையே நாடுகின்றனர். ஊரிலுள்ள பாட்டனாருக்கு அனுப்பும் மடலாயினும் கைபேசிச் செய்தியாயினும் அம்மொழியில்தான் அமைகிறது. அங்கே ஒரு சொல் பிழைத்தால் உறவிலும் சிறு கீறல் விழக்கூடும்.

'அம்யூஸ்டு' என்பது அத்தகைய சொல். பிள்ளைகள் இதற்கு 'மகிழ்ந்த' என்று பொருள் கொண்டுவிடுகின்றனர். பாட்டனார் தாம் படியில் வழுக்கி விழுந்ததையும், பின் எழுந்து வழக்கம்போல் கோயிலுக்குச் சென்றதையும் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'தங்கள் கடிதம் கண்டு அம்யூஸ்டு ஆனேன்' என்று பேரன் விடையெழுதினால், ஆங்கிலமறிந்த முதியவர் என்ன நினைப்பார்? தாம் விழுந்தது பேரனுக்கு வேடிக்கையாயிற்று என்றன்றோ கொள்வார்!

இச்சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. 'ம்யூஸர்' என்றால் வாய்பிளந்து வெறித்து நிற்றல். பிறரை அவ்வாறு நிற்கச் செய்வதே 'அம்யூஸர்'. கலைத் தெய்வங்களாகிய 'ம்யூஸ்'களுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் கவனத்தைத் திருப்பி ஏமாற்றுதல் என்னும் பொருளும் இதற்கு இருந்தது. போர்க்களத்தில் பகைவனுக்குப் போக்குக் காட்டுவதையும் இச்சொல்லாற் குறித்தனர். இன்பமாகப் பொழுது போக்குவித்தல் என்னும் பொருள் பின்னர் ஓங்கியது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நமக்கு இங்கே கைகொடுக்கிறது. எண்வகை மெய்ப்பாடுகளுள் நகை வேறு, உவகை வேறு என்று அது பிரித்து வைத்தது. நகை பிறக்கும் இடங்களாக அது சொல்லும் நான்கனுள் எள்ளலும் பேதைமையும் உண்டு; இளமையும் உண்டு. மழலையின் குறும்பைக் கண்டு தாய் முறுவலிப்பதும், அறியாமையைக் கண்டு அறிந்தவன் நகுவதும் இவற்றுள் அடங்கும். நகுபவர் சற்றே விலகி, ஒரு படி மேலே நின்று நோக்குகிறார். 'அம்யூஸ்டு' இந்த நகையின் பக்கத்தது, உவகையின் பக்கத்ததன்று. ஆதலால் பெரியோரிடத்தும் மேலதிகாரியிடத்தும் இதனை ஆளுதல் தகாது.

எதிர்மறையிலோ இது கடுமையே கொள்ளும். 'நாட் அம்யூஸ்டு' என்று ஒருவரைக் குறித்தால் அவர் முகஞ்சுளித்தார் என்பதே கருத்து. விக்டோரியா அரசியார் தம்மைப் பன்மையில் குறித்து அவ்வாறு சொன்னாரென்பது புகழ்பெற்ற கதை. உறுதியான சான்றுதான் இல்லை. அரசியார் வாயில் அச்சொல்லை வைத்தவர் அதன் இயல்பை நன்கறிந்தவரே.

மற்றொரு தடுமாற்றமும் உண்டு. 'ஐ ஆம் அம்யூசிங்' என்றால் 'நானே பிறர்க்கு வேடிக்கை' என்று பொருள்படும். 'பிம்யூஸ்டு' என்பதோ திகைத்துக் குழம்பிய நிலை. ஒலி ஒத்திருப்பதால் மயங்கலாகாது. பாட்டனார் மடல் கண்டு உள்ளம் குளிர்ந்தால் 'டிலைட்டட்' என்க. அவர் நலமுற்றது அறிந்து மகிழ்ந்தால் 'க்ளாட்' என்னும் எளிய சொல்லே போதும்.