செங்கீரை முதல் அம்புலி வரை: வீட்டுக் கூடத்தில் குழந்தை விளையாட்டு

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும் தாய்மாரில் பலர் இடுப்பில் ஒரு குழந்தையோடு வருகிறார்கள். மூத்த பிள்ளையின் வாசிப்பைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருப்போம். இடுப்பில் இருக்கும் குழந்தை அம்மாவின் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான்கைந்து ஆண்டுகளில் அதுவும் நம் வகுப்பில் வந்து உட்காரும். ‘சொன்னதைக் கவனிப்பதில்லை, பேசத் தயங்குகிறான், பென்சில் பிடிக்க வரவில்லை’ என்று அப்போது நாம் எழுதும் குறிப்புகளில் பலவற்றுக்கு வேர் இந்த வயதில்தான் இருக்கிறது.

சாந்தோம் கடற்கரையை ஒட்டிய குப்பங்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் பல குடும்பங்களுக்கு வீடு என்பது ஒரு கூடமும் ஒரு சமையல் மேடையும்தான். விளையாட வைக்கச் சொன்னால், “இடம் எங்கே டீச்சர்? பொம்மை வாங்கக் காசு எங்கே?” என்ற பதில் வருவது இயல்பு. மூன்று வயது வரையிலான விளையாட்டுக்கு இந்த இரண்டும் பெரிதாகத் தேவையில்லை. ஒரு பாய் விரிக்கும் இடமும், சமையலறைப் பாத்திரங்களும், பேச ஓர் ஆளும் போதும்.

வாரம் ஒரு மணி நேரம்

இதற்கு வலுவான சான்று ஜமைக்காவிலிருந்து வந்தது. தலைநகர் கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத, 9 முதல் 24 மாத வயதுடைய 129 குழந்தைகளைக் கொண்டு, 1986-87இல் சாலி கிரந்தம்-மெக்ரிகர் குழுவினர் ஓர் ஆய்வைத் தொடங்கினர். ஒரு பிரிவினரின் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் ஒருவர் வாரம் ஒரு மணி நேரம் சென்றார். வீட்டிலேயே கிடைக்கும் பொருள்களால் செய்த பொம்மைகளைக் கொண்டு, குழந்தையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்க்குக் காட்டிக்கொடுத்தார். இது 2 ஆண்டுகள் நடந்தது.

இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்தக் குழந்தைகளைத் தேடிப் பார்த்தபோது, விளையாட்டுப் பயிற்சி கிடைத்தவர்களின் வருமானம், கிடைக்காதவர்களைவிட 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இந்த முடிவு 2014இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. சத்துணவு மட்டும் பெற்ற பிரிவினரிடம் இத்தகைய நீடித்த பயன் தென்படவில்லை. பணியாளர் தாமே குழந்தையோடு விளையாடிவிட்டுப் போகாமல், தாய்க்குக் கற்றுக்கொடுத்தார் என்பதே இதில் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. மீதி ஆறு நாளும் விளையாட்டு தொடர்ந்தது அதனால்தான்.

நம்மிடம் இருக்கும் படிநிலை

குழந்தை விளையாட்டுக்கு வயதுவாரிப் பட்டியல் நமக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறோம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் இருபாலாருக்கும் பொது. நூலுக்கு நூல் சிறிது வேறுபட்டாலும், செங்கீரை 5ஆம் மாதத்தையும் சப்பாணி 9ஆம் மாதத்தையும் வருகை ஓராண்டு நிறைவையும் ஒட்டியவை. தலைநிமிர்ந்து ஆடுதல், கைதட்டுதல், நடத்தல், நிலவைச் சுட்டுதல் என்று செல்லும் இந்த வரிசை, இன்றைய குழந்தை மருத்துவர்கள் பார்க்கும் வளர்ச்சிப் படிகளோடு பெரிதும் ஒத்துப்போகிறது. இதைத் தாய்மாருக்குச் சொல்ல நம்மைவிடப் பொருத்தமானவர் யார்?

பிறப்பு முதல் 6 மாதம்

குழந்தை விழித்திருக்கும்போது பாயில் குப்புறப் படுக்கவைத்து, எதிரே நாமும் படுத்து முகம் காட்டலாம். கழுத்து, தோள், முதுகு வலுப்பெறும். செங்கீரை ஆடுவதற்கான ஆயத்தம் இதுவே. இன்னும் தவழாத குழந்தைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 30 நிமிடம் இப்படிக் கிடக்கும் நேரம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஒரே மூச்சில் வேண்டாம். இரண்டு மூன்று நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். குழந்தை ‘ங்கா’ என்றால் நாமும் ‘ங்கா’ என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அது மறுபடி குரல் கொடுக்கும். உரையாடலில் முறைமாற்றிப் பேசுவதற்கு இதுவே முதல் பாடம்.

6 முதல் 12 மாதம்

இரண்டு எவர்சில்வர் டம்ளர்களைக் கையில் கொடுத்தால் தட்டிப் பார்க்கும். ஒரு கரண்டியைக் குழந்தையின் கண்ணெதிரே துணியால் மூடினால் துணியை விலக்கித் தேடும். மறைந்த பொருள் இல்லாமல் போய்விடவில்லை என்ற அறிவு அங்கே உருவாகிறது. முந்தானையால் முகம் மறைத்து ‘அம்மா எங்கே?’ என்பதும் இதே விளையாட்டுதான்.

இந்த வயதுக்குப் ‘பருப்பு கடைதல்’ மிகச் சிறந்தது. உள்ளங்கையில் முழங்கையை வைத்துக் கடைவது, ஒவ்வொரு விரலுக்கும் வீட்டில் ஒருவர் பெயரைச் சொல்லிப் பங்கு கொடுப்பது, பிறகு விரல்கள் நண்டாக ஊர்ந்து அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுவது. ஒரு விரலுக்கு ஒரு பெயர் என்பதில் ஒன்றுக்கொன்று பொருத்தம் இருக்கிறது. அடுத்து என்ன வரும் என்ற எதிர்பார்ப்பில் நினைவாற்றல் இருக்கிறது. நண்டு புறப்படும் முன்பே குழந்தை சிரிக்கத் தொடங்கினால், வரிசை மனத்தில் பதிந்துவிட்டது என்று பொருள்.

ஒன்று முதல் இரண்டு வயது

மூன்று டப்பாக்களும் அவற்றின் மூடிகளும் கொடுங்கள். எது எதற்குப் பொருந்தும் என்று குழந்தை கண்டுபிடிக்கட்டும். பழைய துணியைச் சுருட்டிக் கட்டிய பந்தை உருட்டி விளையாடலாம். செய்தித்தாளைக் கிழிக்கவும் கசக்கவும் விடலாம். விரல்களுக்கு நல்ல வேலை.

அம்புலிப் பருவத்தின் பொருளும் இங்கே விளங்கும். நிலவைக் காட்டும்போது பெரியவரும் குழந்தையும் ஒரே பொருளைச் சேர்ந்து பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் சொல்லும் சொல் எளிதாக ஒட்டிக்கொள்ளும். நிலா வராத வேளையில் ஜன்னல் வழியே காகம், படகு, மெரினா கலங்கரை விளக்கம் என எதையும் காட்டலாம். குழந்தை விரல் நீட்டும் பொருளின் பெயரை நாம் சொல்வது இன்னும் நல்லது.

இரண்டு முதல் மூன்று வயது

சந்தைப் பையைக் கொட்டி வெங்காயம் ஒரு பக்கம், உருளைக்கிழங்கு ஒரு பக்கம் எனப் பிரிக்கச் சொல்லலாம். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு அதன்மேல் நடக்க வைக்கலாம். ஈரத்துணியைப் பிழிவதும், சப்பாத்தி மாவை உருட்டுவதும் பின்னாளில் பென்சில் பிடிக்கும் விரல்களுக்கு வலுத் தரும். இல்லாத சோற்றைப் பரிமாறுவது, பொம்மைக்குக் காய்ச்சல் பார்ப்பது போன்ற பாவனை விளையாட்டில் ஒரு பொருள் இன்னொன்றைக் குறிக்கிறது. எழுத்து ஒலியைக் குறிக்கும் என்பதும் அதே வகை அறிவுதான்.

பெரியவர் அவசரப்பட்டு மூடியைத் தாமே மூடிவிடக் கூடாது. சாந்தோமிலிருந்து ஆற்றைக் கடந்தால் வரும் அடையாறு பிரம்மஞான சபைக்கு 1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1949இல் அடையாறிலிருந்தே வெளியான அவருடைய ‘தி அப்சார்பென்ட் மைண்ட்’ என்னும் நூல், பிறப்பு தொடங்கியே கல்வியைப் பேசுகிறது. குழந்தை தானே செய்ய முயலும் வேலையில் குறுக்கிடாதீர்கள் என்பது அவர் ஓயாமல் வலியுறுத்தியது.

கைப்பேசியும் பாதுகாப்பும்

இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், அதன்பின் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தாயைக் குறை சொல்லிப் பயனில்லை. சமைக்கும் நேரத்தில் குழந்தையை அடுப்பிலிருந்து தள்ளி உட்காரவைத்து டப்பாவும் மூடியும் கொடுக்கலாம் என்று மாற்று வழி சொல்வதே பயன் தரும்.

வாய்க்குள் முழுதாகப் போகக்கூடிய எதுவும் மூன்று வயது வரை கைக்கு எட்டக் கூடாது. கடற்கரையில் பொறுக்கிய சிப்பி, சோழி, புளியங்கொட்டை, நாணயம், பொத்தான் பேட்டரி, வெடித்த பலூன் துண்டு ஆகியவை அப்படிப்பட்டவை. வாளித் தண்ணீரருகே குழந்தையைத் தனியே விடக் கூடாது.

விளையாட்டு காட்டிக்கொடுக்கும் குறைகள்

9 மாதத்தில் பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாதது, 18 மாதத்தில் தனியே நடக்காதது அல்லது எதையும் விரல் நீட்டிக் காட்டாதது, 2 வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாதது ஆகியவற்றைக் கண்டால், ‘போகப்போகச் சரியாகிவிடும்’ என்று காத்திருக்க வேண்டாம். அங்கன்வாடி பணியாளர் அல்லது நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் வழியாகப் பரிசோதனைக்கு அனுப்பலாம். கேள்திறன் குறைவு சீக்கிரம் தெரிந்தால் பேச்சைக் காப்பாற்ற முடியும். காது கேளாத சிறு குழந்தைகளுக்கென்றே அடையாறில் பால வித்யாலயா இயங்குகிறது.

நாம் செய்யக்கூடியது

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்குவோம். ஒரு பாய், நான்கு டப்பா, ஒரு துணிப்பந்து போதும். உரையாற்றுவதைவிட, இடுப்புக் குழந்தையோடு வந்த ஒரு தாயை அழைத்து, பருப்பு கடையச் சொல்லி மற்றவர்களைப் பார்க்கச் செய்யலாம். பாட்டிகள் வந்திருந்தால் அவர்களுக்குத் தெரிந்த விளையாட்டுகளைக் கேட்டு வாங்கலாம். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டில் தம்பி தங்கையோடு ஆடிய ஒரு விளையாட்டை ஐந்து வரிகளில் எழுதிவரச் சொன்னால், மொழிப்பாடத்துக்கு ஒரு பயிற்சியும் ஆகும், வீட்டில் ஒரு விளையாட்டும் நடக்கும்.