பூட்டைக் கண்காணிக்கும் லாக்டெப்

லினக்ஸ் கெர்னலின் நெட்வொர்க் பகுதியில் எப்போதும் பல வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும். ஒரு கோர் பாக்கெட்டை அனுப்பும், இன்னொன்று வந்த பாக்கெட்டைப் பிரிக்கும், அதே நொடியில் யாரோ ஐபி முகவரியை மாற்றுவார். எல்லாம் தொடுவது ஒரே தரவை. பாதி மாறிய நிலையில் மற்றொன்று படித்துவிட்டால் கணினியே நின்றுபோகலாம். அதற்காகத்தான் பூட்டுகள்.

பூட்டே வினையாவதும் உண்டு. ஒரு கோர் ஸ்பின்லாக் என்ற வகைப் பூட்டு ஒன்றைப் பிடித்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து பாக்கெட் வந்து சேர, நெட்வொர்க் கார்டு இன்டரப்ட் கொடுக்கிறது. கையிலிருந்த வேலை அப்படியே நிற்க, அதே கோரில் வந்த பாக்கெட்டைக் கையாளும் சாஃப்ட்ஐஆர்கியூ ஓடத் தொடங்கி அதே பூட்டைக் கேட்கிறது. பிடித்திருக்கும் வேலை மீண்டும் ஓடினால்தான் பூட்டு விடுபடும். பூட்டு கிடைத்தால்தான் சாஃப்ட்ஐஆர்கியூ நகரும். கோர் முடங்கிப்போகும். பூட்டும்போதே சாஃப்ட்ஐஆர்கியூவைத் தள்ளிவைக்கும் வகையும் இருக்கிறது. அதைப் பயன்படுத்த மறந்தால், பாக்கெட் சரியாக அந்தக் கணத்தில் வரும்வரை தவறு தெரியாது. சோதனையில் நன்றாக ஓடிய நிரல், வேலை பார்க்கும் சர்வரில் போய் உறைந்துவிடும்.

இங்கோ மோல்நார் முன்னின்று எழுதி, 2006-ல் 2.6.18 பதிப்போடு வந்த லாக்டெப் என்ற சோதனைக் கருவி இந்தச் சிக்கலை அணுகும் விதம் அபாரமானது. முடக்கம் நிகழும்வரை அது காத்திருப்பதில்லை. ஒரு பூட்டை சாஃப்ட்ஐஆர்கியூ எடுத்ததை ஒருமுறை பார்த்தாலே குறித்துக்கொள்ளும். பல மணி நேரம் கழித்து, வேறெங்கோ, சாஃப்ட்ஐஆர்கியூ தடுக்கப்படாத நிலையில் அதே பூட்டு எடுக்கப்பட்டால் உடனே எச்சரிக்கும். இரண்டு பூட்டுகளை ஓரிடத்தில் ஒரு வரிசையிலும் மற்றோரிடத்தில் தலைகீழாகவும் எடுத்தாலும் அப்படியே. ஆயிரம் சாக்கெட்டுகளின் பூட்டுகளையும் ஒரே வகுப்பாகக் கருதுவதால்தான் இவ்வளவையும் அதனால் நினைவில் வைக்க முடிகிறது.

லாக்டெப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. நெட்வொர்க் அமைப்புகளை மாற்றுபவர் பிடிக்க வேண்டிய ஆர்டிஎன்எல் பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பல ஃபங்ஷன்களின் தொடக்கத்தில் 'அசர்ட் ஆர்டிஎன்எல்' என்றொரு சோதனை இருக்கும். அது பார்ப்பது பூட்டியிருக்கிறதா என்பதை மட்டுமே. வேறு யாரோ பூட்டியிருந்தாலும் நிரல் தேறிவிடும்! அழைத்தவரே பிடித்திருக்கிறாரா என்று துருவிப் பார்க்க லாக்டெப் வேண்டும்.

ஆனால் ஓடாத பாதையைப் பற்றி லாக்டெப்புக்கு எதுவும் தெரியாது. வேகத்தையும் குறைப்பதால் அன்றாடப் பயன்பாட்டுக் கெர்னல்களில் அணைத்தே வைக்கிறார்கள். அதனால்தான் கூகுளின் தானியங்கிச் சோதனைக் கருவியான சிஸ்பாட், லாக்டெப் இயங்கும் கெர்னல்களில் சிஸ்டம் கால்களை விதவிதமாகக் கோத்து ஓட்டிக்கொண்டே இருக்கிறது, யாரும் நடக்காத பாதைகளில் கெர்னலை நடக்கவைப்பதற்காக.