உங்களுக்குத் தெரியுமா? டைகர் பட்டோடி

● இந்திய டெஸ்ட் அணியின் மிக இளைய கேப்டன் என்ற பெருமை இன்றுவரை மன்சூர் அலி கான் பட்டோடிக்குத்தான். 1962 மார்ச்சில் பார்படாஸ் தீவின் பிரிட்ஜ்டவுன் மைதானத்தில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக இந்தியாவுக்குத் தலைமை ஏற்றபோது அவருக்கு வயது 21, அதற்கு மேல் 77 நாள். உலக அளவில் இந்தச் சாதனை 42 ஆண்டுகள் நின்றது. 2004-இல் ஜிம்பாப்வேயின் டடெண்டா டைபு அதை முறியடித்தார். 2019-இல் ஆப்கானிஸ்தானின் ரஷித் கான் டைபுவையும் முந்தினார்.

● அந்தப் பதவி அவருக்கு வந்த விதம் கொடுமையானது. பார்படாஸ் அணியுடனான பயிற்சி ஆட்டத்தில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து இந்திய கேப்டன் நரி கான்ட்ராக்டரின் தலையில் பட்டு மண்டை ஓடு உடைந்தது. உயிர் பிழைப்பாரா என்பதே கேள்வியாக இருந்தது. அவருக்கு ரத்தம் கொடுக்க முன்வந்தவர்களில் வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் ஃபிராங்க் வொர்ரலும் ஒருவர். கான்ட்ராக்டர் பிழைத்தார், ஆனால் மறுபடி டெஸ்ட் ஆடவில்லை. துணைக் கேப்டனாகப் போயிருந்த பட்டோடியின் தலையில் பொறுப்பு விழுந்தது. அணியில் பாலி உம்ரிகர் இருந்தார். முன்பே இந்தியாவுக்குத் தலைமை தாங்கியவர். உம்ரிகர் முதல் டெஸ்ட் ஆடிய 1948-இல் பட்டோடிக்கு ஏழு வயது. அப்படிப்பட்டவர்களுக்கு இந்தப் பையன் ஃபீல்டிங் நிறுத்த வேண்டும்! அந்தத் தொடரின் ஐந்து டெஸ்டிலும் இந்தியா தோற்றது. அதற்குப் பிறகும் அவரிடமே அணியை ஒப்படைத்தார்கள் என்றால், தோல்விக்கு நடுவிலும் ஏதோ ஒன்றை அவரிடம் பார்த்திருக்கிறார்கள்.

● இதெல்லாம் நடந்தது ஒரு கண் போன பிறகு. 1961 ஜூலை 1, இங்கிலாந்தின் ஹோவ் நகரம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அணியின் கேப்டனாக சஸெக்ஸுடன் ஆடிவிட்டு, இரவுச் சாப்பாடு முடித்துத் திரும்பும் நேரம். கொஞ்ச தூரம்தானே என்று நண்பர்கள் சிலர் நடந்தார்கள். பட்டோடி காரில் ஏறினார். எதிரே வந்த காருடன் மோதல். முன்கண்ணாடி நொறுங்கி, ஒரு சில்லு வலது கண்ணுக்குள் போனது. அறுவை சிகிச்சை செய்தும் பார்வை பெரிதாகத் திரும்பவில்லை.

அந்தப் பருவத்தில் அவர் எப்படி ஆடிக்கொண்டிருந்தார் தெரியுமா? யார்க்‌ஷயருக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் இரண்டு இன்னிங்ஸிலும் சதம். ஆக்ஸ்ஃபோர்டில் தன் தந்தை ஒரே பருவத்தில் குவித்த ரன் சாதனையை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தார். விபத்தோடு அது நின்றுபோனது.

● ஒரு கண்ணால் பார்த்தால் தூரம் பிடிபடாது. குவளையில் தண்ணீர் ஊற்றினால் வெளியே கொட்டும். சிகரெட் பற்றவைக்கப் போனால் நெருப்பு தள்ளி நிற்கும். இதில் தொடங்கி மறுபடி பந்தைப் பார்க்கப் பழகினார். இந்தியா திரும்பியதும் ஹைதராபாத்தில் டெட் டெக்ஸ்டரின் எம்.சி.சி. அணிக்கு எதிராக ஓர் ஆட்டம். வலது கண்ணில் கான்டாக்ட் லென்ஸ் போட்டு இறங்கினார். ஒரு பந்துக்குப் பதிலாக இரண்டு வந்தன, சில அங்குல இடைவெளியில். உள்பக்கம் தெரிந்த பந்தை ஆடினார்! 35 ரன் வரை அப்படியே ஓட்டினார். தேநீர் இடைவேளைக்குப் பிறகு லென்ஸைக் கழற்றிவிட்டு, அந்தக் கண்ணை மூடிக்கொண்டே ஆடி 70 ரன் எடுத்தார். பிற்காலத்தில் தொப்பியை வலது கண் மேல் சாய்த்து இழுத்துவிட்டு ஆடுவார். அவர் பட்டோடியின் நவாப் அல்லவா, பார்த்தவர்களுக்கு அது அரச வீட்டு மிடுக்கு. அவருக்கு அது தேவை.

● விபத்து நடந்து ஆறு மாதம் முடியும் முன்பே, 1961 டிசம்பரில், டெல்லியில் இங்கிலாந்துக்கு எதிராக அவருடைய முதல் டெஸ்ட். எடுத்தது 13. அடுத்து கல்கத்தாவில் 64. மூன்றாவது டெஸ்ட் நம் சென்னையில், 1962 ஜனவரியில்: 103. அவருடைய முதல் டெஸ்ட் சதம். அந்த ஆட்டத்தில் சலீம் துரானி பத்து விக்கெட் எடுக்க, இந்தியா 128 ரன் வித்தியாசத்தில் வென்று தொடரை 2–0 என்று கைப்பற்றியது. இங்கிலாந்தை ஒரு தொடரில் இந்தியா வென்றது அதுவே முதல் தடவை.

அந்த ஆட்டம் நடந்தது சேப்பாக்கத்தில் அல்ல. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே இருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில். இன்று நேரு ஸ்டேடியமாகக் கால்பந்து நடக்கும் அதே இடம். 1964-இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 128 எடுத்ததும் அங்கேதான். அவர் அடித்த ஆறு டெஸ்ட் சதங்களில் இரண்டு சென்னை ரசிகர்கள் கண்ணால் பார்த்தவை.

● தந்தை இஃப்திகார் அலி கான், இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் டெஸ்ட் ஆடிய ஒரே மனிதர். 1932-இல் சிட்னியில் இங்கிலாந்துக்காக முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தார். 1946-இல் இந்திய அணிக்குக் கேப்டனாக இங்கிலாந்து போனார். 1952 ஜனவரி 5 அன்று போலோ ஆடும்போது இறந்தார். அன்று மகனுக்குப் பதினோராவது பிறந்தநாள்.

● சிட்னியில் தந்தைக்குக் கேப்டனாக இருந்தவர் ‘பாடிலைன்’ புகழ் டக்ளஸ் ஜார்டின். வின்செஸ்டர் பள்ளியில் ஜார்டின் 1919-இல் வைத்த ரன் சாதனை நாற்பது ஆண்டுகள் கழித்து, 1959-இல் உடைந்தது. உடைத்தவர் நம் பட்டோடி, 1,068 ரன் எடுத்து.

● ‘டைகர்’ என்ற பெயர் ஃபீல்டிங்கில் பாய்வதைப் பார்த்து வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது குழந்தையிலேயே வீட்டில் கூப்பிட்ட பெயர். ஆனால் கவர் பகுதியில் அவர் பந்தை மறித்து எறிந்த வேகத்துக்கு வேறு பெயர் பொருந்தியிருக்காது.

● இந்திய கேப்டன் ஒருவர் டெஸ்டில் அடித்த முதல் இரட்டைச் சதம் அவருடையது. 1964, டெல்லி, இங்கிலாந்துக்கு எதிராக, ஆட்டமிழக்காமல் 203.

● ஆனால் அவருடைய ஆட்டத்தில் உச்சம் எது என்று கேட்டால் நான் லீட்ஸைத்தான் சொல்வேன். 1967 ஜூன். இங்கிலாந்து 4 விக்கெட்டுக்கு 550 எடுத்து டிக்ளேர் செய்தது. (246 அடித்த பாய்காட்டை, மெதுவாக ஆடினார் என்று அடுத்த டெஸ்டில் நீக்கினார்கள்.) இந்தியா 164-க்குச் சுருண்டது. அதில் கேப்டனின் பங்கு 64. ஃபாலோ ஆன். பந்துவீச்சாளர்கள் காயத்தில் கிடக்க, மானம் போனது என்று எல்லாரும் முடிவுகட்டிய நிலையில் இந்தியா இரண்டாம் இன்னிங்ஸில் 510 குவித்தது. வடேகர் 91, இன்ஜினியர் 87, ஹனுமந்த் சிங் 73, பட்டோடி 148. தோற்றது உண்மைதான், ஆறு விக்கெட்டில். ஆனாலும் வெள்ளைக்காரன் மண்ணில் ஃபாலோ ஆன் வாங்கிவிட்டு, அவனை மறுபடி மட்டை பிடிக்க வைத்த அணி அது.

● அதே ஆண்டு கடைசியில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன். தொடைத் தசை கிழிந்து சரியாக ஓட முடியாத நிலை. 25 ரன்னுக்கு 5 விக்கெட் போயிருந்தது. நொண்டிக்கொண்டே இறங்கி 75. இரண்டாம் இன்னிங்ஸில் 85. ஒரு கண், ஒரு கால் என்று இந்த ஆட்டத்தை இன்றும் சொல்லி மாய்கிறார்கள் பழைய ரசிகர்கள். சொல்லட்டும். சொல்ல வேண்டிய ஆட்டம்தான்.

● இந்தியா டெஸ்ட் ஆடத் தொடங்கியது 1932-இல். வெளிநாட்டில் ஒரு டெஸ்ட் வெல்ல 36 ஆண்டு ஆனது. 1968 பிப்ரவரியில் நியூசிலாந்தின் டுனேடினில் பட்டோடி அணி அதைச் சாதித்தது. தொடரையும் 3–1 என்று வென்றது. எரபள்ளி பிரசன்னா 24 விக்கெட்.

● வேகப்பந்து இல்லையே என்று புலம்பாமல், இருக்கும் சுழலை வைத்தே எதிரியை முடிக்கலாம் என்று துணிந்த கேப்டன் அவர். பேடி, பிரசன்னா, சந்திரசேகர், நம்மூர் வெங்கட்ராகவன் நால்வரும் ஒரே டெஸ்டில் சேர்ந்து ஆடியது வரலாற்றிலேயே ஒரே ஒரு முறை: 1967, பர்மிங்ஹாம். கேப்டன் பட்டோடி.

பேடியும் பிரசன்னாவும் பிற்காலத்தில் அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒன்றைச் சொல்வார்கள். நீ பம்பாய்க்கு ஆடவில்லை, டெல்லிக்கு ஆடவில்லை, மெட்ராஸுக்கு ஆடவில்லை, இந்தியாவுக்கு ஆடுகிறாய் என்று உணர வைத்தவர் அவர்தான் என்று. பட்டோடி விட்டுப்போனவற்றில் இதற்குத்தான் முதலிடம் என்பது என் எண்ணம். ஊர் ஊராகக் கட்சி பிரிந்து கிடந்த உடைமாற்றும் அறையை அவர் ஓர் அணியாக்கினார். பிறகு வந்த வெற்றிகளெல்லாம் அந்த அஸ்திவாரத்தின் மேல் எழுந்தவை.

● இந்தியாவுக்கே கேப்டனாக இருந்தவர், ரஞ்சிக் கோப்பையில் ஹைதராபாத் அணிக்காக நண்பர் எம்.எல். ஜெய்சிம்மாவின் தலைமையில் சாதாரண ஆட்டக்காரராக ஆடினார். எந்த வருத்தமும் இல்லாமல்.

● 1967 ஜனவரியில் சேப்பாக்கம். உணவு இடைவேளைக்குள் ஃபரூக் இன்ஜினியர் 94 அடித்த ஆட்டம். கடைசி நாளில் வெஸ்ட் இண்டீஸ் 7 விக்கெட் இழந்து தத்தளித்தது. வெற்றி கைக்கு எட்டும் தூரம். கேரி சோபர்ஸுடன் சேர்ந்து கடைசிவரை நின்று அதைத் தட்டிப் பறித்தவர் யார்? கான்ட்ராக்டரை வீழ்த்திய அதே சார்லி கிரிஃபித்.

● 1971 அவருக்குக் கெட்ட ஆண்டு. தேர்வுக் குழுவில் ஓட்டு சமமாகப் பிரிய, தலைவர் விஜய் மெர்ச்சன்ட் தன் ஓட்டை வடேகருக்குப் போட்டார். கேப்டன் பதவி போனது. குர்கானில் மக்களவைத் தேர்தலில் நின்று தோற்றார். அரச பட்டங்களை அரசு ஒழித்ததால் நவாப் பட்டமும் போனது. பிறகு ஸ்கோர் போர்டில் வெறும் மன்சூர் அலி கான்தான்.

● 1974–75-இல் கிளைவ் லாயிடின் வெஸ்ட் இண்டீஸ் அணி வந்தபோது மறுபடி அவரைக் கூப்பிட்டார்கள். காயத்தால் டெல்லி டெஸ்டில் அவர் இறங்கவில்லை. அதற்குக் கேப்டன் வெங்கட்ராகவன். (அடுத்த டெஸ்டில் வெங்கட்டுக்குப் பதினொருவரில் இடமே இல்லை. இன்றும் நெஞ்சு பொறுக்காத தேர்வு அது.) முதல் இரண்டும் தோல்வி. கல்கத்தாவில் ஆண்டி ராபர்ட்ஸின் பந்து பட்டோடியின் தாடையைப் பதம் பார்த்தது. கட்டுப்போட்டுக்கொண்டு திரும்பி வந்து வான்பர்ன் ஹோல்டரின் பந்துகளை எல்லைக்கு விரட்டினார். கடைசி நாள் காலை. லாயிட் சந்திரசேகரை வெளுத்தும் பட்டோடி பந்தை அவரிடமிருந்து வாங்கவில்லை. சந்திரா லாயிடை போல்டாக்கினார். 85 ரன்னில் வெற்றி. அடுத்து சேப்பாக்கத்தில் விஸ்வநாத்தின் அமரத்துவம் பெற்ற 97. இன்னொரு வெற்றி, 2–2. பம்பாயில் கடைசி டெஸ்ட் தோல்வியோடு அவருடைய ஆட்டமும் முடிந்தது. அந்தத் தொடரில் மட்டையால் அவர் எடுத்தது சொற்பம். தலைமைக்காக மட்டுமே அணியில் இருக்கத் தகுதி பெற்றவர்கள் வெகு சிலர். அவர் அதில் ஒருவர்.

● மொத்தம் 46 டெஸ்ட், 2,793 ரன், சராசரி 34.91. நாற்பதில் கேப்டன், 9 வெற்றி, 19 தோல்வி. இந்த எண்களை மட்டும் வைத்து அவரை எடைபோடுகிறவர்கள், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மாடியிலிருந்து யாராவது எறியும் பந்தைப் பிடித்துப் பார்க்கட்டும்.

● 2011 செப்டம்பர் 22 அன்று நுரையீரல் நோயால் டெல்லியில் காலமானார். கண்தானம் செய்திருந்தார்.

● இந்தியக் கிரிக்கெட் வாரியம் அவர் பெயரில் ஏற்படுத்திய நினைவுச் சொற்பொழிவு 2013-இல் தொடங்கியது. சென்னையில் முதல் உரை நிகழ்த்தியவர் சுனில் கவாஸ்கர்.

● இங்கிலாந்து மண்ணில் இந்தியா ஆடும் டெஸ்ட் தொடருக்கு 2007 முதல் பட்டோடி கோப்பை என்று பெயர் இருந்தது. 2025-இல் அதை ஆண்டர்சன்–டெண்டுல்கர் கோப்பை என்று மாற்றிவிட்டார்கள். எதிர்ப்பு எழுந்தது, டெண்டுல்கரும் பேசினார், வெல்லும் அணியின் கேப்டனுக்குப் பட்டோடி பதக்கம் என்று அறிவித்தார்கள். அந்தத் தொடர் 2–2 என்று சமனில் முடிந்தது. இரு நாட்டுக்கும் ஆடிய தந்தை, அங்கே படித்து, அங்கே கண்ணை இழந்து, அங்கேயே 148 அடித்த மகன். அந்தக் கோப்பைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. மாற்றியிருக்கவே கூடாது.