பீரங்கிப் படையினரின் ஆன்மாக்களுக்காக

நவம்பர் பிறந்ததும் இரத்தினபுரி மறைமாவட்டத்தின் தோட்டக் கோவில்களில் மரித்தோருக்கான பூசைக் கருத்துகள் எழுதப்படும். பாட்டன், பாட்டி, பிறந்து சில நாளில் மரித்த குழந்தை என ஒவ்வொரு வீட்டாரும் பெயர் கொடுப்பர். சில பெயர்களை எழுத மட்டும் கை தயங்கும். தண்டனை பெற்று இறந்தவர், குடும்பத்துக்குத் தலைக்குனிவு தேடித்தந்தவர் எனக் கருதப்பட்டோரின் பெயர்கள் அவை.

2 மக்கபேயர் 12ஆம் அதிகாரத்தை இம்மாதம் பலரும் கேட்டிருப்போம். போரில் வீழ்ந்த யூத வீரர்களின் உடையினுள் வேற்றுத் தெய்வத் தாயத்துகள் காணப்பட்டன. அவர்கள் குற்றவாளிகள் என்பது வெளியாயிற்று. ஆனால் யூதா மக்கபே அவர்களைக் கைவிடவில்லை. ஏறத்தாழ இரண்டாயிரம் வெள்ளித் திராக்மா திரட்டி, அவர்களுக்காகப் பாவம் போக்கும் பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்கு அனுப்பினார். மரித்தோருக்காக நாம் செபிப்பதற்குத் திருச்சபை காட்டும் இந்தச் சான்று, குற்றமற்றோரைப் பற்றியதன்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டிலும் அவ்வாறான படைவீரர் இருந்தனர். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயா கைவிட்டுப் போனபின் நேச நாடுகளின் இறப்பர் தேவை பெரும்பாலும் இலங்கையின்மேல் விழுந்தது. கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களிலும், மரம் பட்டுப்போனாலும் போகட்டும் என்று பால் வெட்டப்பட்டது. தோட்டத்துக் குடும்பங்களில் அக்காலம் 'கூப்பன் அரிசிக் காலம்' என்றே நினைவில் நின்றது. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலையில் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின.

ஒரு மாதம் கழித்து, மே 8ஆம் நாள் இரவு, கொக்கோஸ் தீவுகளில் ஒன்றான ஹோஸ்பர்க் தீவில் கலகம் மூண்டது. அங்கே இரண்டு ஆறங்குலப் பீரங்கிகளைக் காத்து நின்றது இலங்கைக் காவற் பீரங்கிப்படை. கிராசியன் பெர்னாண்டோ தலைமையில் ஒரு பகுதியினர் மேலதிகாரிகளை எதிர்த்து, தீவை யப்பானியரிடம் ஒப்படைக்க முயன்றனர். முயற்சி தோற்றது. சாமுவேல் ஜயசேகர என்ற சக வீரர் சுடப்பட்டு இறந்தார். எழுவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, நால்வருக்குக் குறைக்கப்பட்டது. பெர்னாண்டோ, கார்லோ கவுடர், பென்னி டி சில்வா ஆகிய மூவரும் ஆகஸ்ட் மாதம் வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர்.

அன்னிய ஆட்சியை எதிர்த்த தேசபக்தர் என்று பெர்னாண்டோவைப் போற்றுவோர் உண்டு. துரோகி என்போரும் உண்டு. அதைத் தீர்ப்பது இப்பகுதியின் வேலையன்று. ஆனால் போற்றுவோரும் தூற்றுவோரும் ஜயசேகரவை மறந்துவிடுவதுதான் எனக்கு வருத்தம். அவரும் ஒரு தாய் பெற்ற மகன். போரில் மாண்டோருக்கு ஆண்டுதோறும் மலர்வளையம் வைக்கப்படுகிறது. தூக்கிலிடப்பட்டவரின் வீட்டில் எஞ்சியது மௌனமே. நோயல் குரூஸ் இக்கலகத்தைப் பற்றிய நூலை வெளியிட்டது 2001இல். அதற்குள் 59 ஆண்டுகள் கடந்திருந்தன. பிள்ளைகளை இழந்த பெற்றோர் எத்தனை பேர் அந்நூலைக் காண உயிரோடிருந்திருப்பர்?

ஜயசேகரவின் பெயரையும் அம்மூவரின் பெயர்களையும் ஒரே தாளில் எழுதலாமா எனச் சிலர் கேட்கக்கூடும். எழுதலாம். யூதா மக்கபே திரட்டிய காணிக்கை அதற்குப் போதிய விடை.

பீரங்கிப் படையினரின் பாதுகாவலி புனித பார்பரம்மாள். விசுவாசத்துக்காகத் தந்தையின் கையாலேயே அவர் தலை வெட்டுண்டார் என்றும், அத்தந்தை இடிவிழுந்து மாண்டார் என்றும் மரபு கூறும். அதனால் வெடிமருந்தோடு பழகுவோரும், சுரங்கத்தில் இறங்குவோரும், நன்மரணம் வேண்டுவோரும் அவரிடம் மன்றாடினர். இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளில் இறங்குவோருக்கும் அவர் உரியவர். 1969இல் திருச்சபையின் பொது நாட்காட்டியிலிருந்து அவர் விழா நீக்கப்பட்டாலும், புனிதர் பட்டியலில் அவர் பெயர் நிலைத்திருக்கிறது. அவருடைய நாள் டிசம்பர் 4. அன்றைய பூசைக்கும் கருத்து எழுதிக் கொடுக்கலாம்.