லைட்ரூம் 6 வெச்சிருக்கீங்களா? மாச வாடகைக்கு மாறுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க



வார நாள்ல மெப்ஸ்லயோ ஓ.எம்.ஆர்.லயோ வேலை, முகூர்த்த நாள்ல பெருங்களத்தூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவுல ஏதாவது ஒரு மண்டபத்துல கேண்டிட் ஷூட். நம்ம தாம்பரம் ஏரியாவுல இப்படி ரெண்டு வண்டி ஓட்டுற நிறைய பேர் இருக்கீங்க. கல்யாணத்துக்குப் போகாதவங்க பள்ளிக்கரணைக்கும் வேடந்தாங்கலுக்கும் பறவை எடுக்கப் போறீங்க. உங்கள்ல பலர்கிட்ட, வேலைக்குச் சேர்ந்த புதுசுல காசு குடுத்து வாங்கின லைட்ரூம் 6 இன்னும் ஓடிக்கிட்டு இருக்கும். சிலர்கிட்ட போட்டோஷாப் சி.எஸ்.6.

"இதை விட்டுட்டு கிரியேட்டிவ் கிளவுட் சந்தாவுக்குப் போகலாமா?" இதுதான் கேள்வி. பார்க்க சின்னக் கேள்வி. மாசம் 1,000 ரூபாய்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். அஞ்சு வருஷத்துக்கு 60,000. அதே 1,000 ரூபாயை 6.7% வட்டிக்கு போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.ல போட்டா அஞ்சு வருஷ முடிவுல சுமார் 71,000 ரூபாய் கைக்கு வரும். ஒரு நல்ல லென்ஸ் காசு. அதனால இதை "அப்டேட் வந்திருக்கு, போட்டுடலாம்"னு முடிவு பண்ணாதீங்க.

விலைக்கு வாங்கினது, வாடகைக்கு எடுக்குறது

முதல்ல என்ன நடந்துச்சுனு தெரிஞ்சுக்கலாம். சி.எஸ்.6 வந்தது 2012-ல. அமெரிக்காவுல போட்டோஷாப் சி.எஸ்.6 விலை 699 டாலர். ஒரு தடவை கட்டினா போதும், உங்க பொருள். 2013 மே மாசம் அடோபி, இனிமே புது வெர்ஷன் எல்லாம் சந்தாவுல மட்டும்தான்னு அறிவிச்சுட்டாங்க. லைட்ரூம் கொஞ்ச நாள் தப்பிச்சுது. 2015-ல 149 டாலருக்கு வந்த லைட்ரூம் 6 தான் விலைக்குக் கிடைச்ச கடைசி லைட்ரூம். 2017 அக்டோபர்ல லைட்ரூம் கிளாசிக்னு பேர் மாத்தினப்போ, இனிமே விலைக்குப் புது லைட்ரூம் வராதுன்னு சொல்லிட்டாங்க. அதே டிசம்பர்ல வந்த 6.14 தான் கடைசி அப்டேட்.

ஒரு சி.ஏ.வா எனக்கு இது ரொம்பத் தெளிவா தெரியுது. உங்ககிட்ட இருக்குறது ஏற்கெனவே காசு கட்டி முடிச்ச சொத்து. இன்னிக்கு அதை ஓட்டுறதுக்குச் செலவு பூஜ்யம். சந்தாங்குறது வாடகை. செலையூர்ல சொந்த வீடு இருக்கும்போது மேடவாக்கத்துல வாடகைக்குப் போறீங்கன்னா அதுக்கு ஒரு காரணம் வேணும் இல்லையா? வீடு ஒழுகுதா, இல்ல புது வீட்டால வருமானம் கூடுதா? இந்த ரெண்டுல ஒண்ணாவது "ஆமாம்"னு வரணும்.

வீடு ஒழுகுதா?

பழைய சாப்ட்வேர் தானா கெட்டுப் போகாது. அதைச் சுத்தி இருக்குறது மாறும். லைட்ரூம் 6-ல மேப் பகுதி 2018 நவம்பர் 30-க்கு அப்புறம் வேலை செய்யல. அது பெரிய இழப்பு இல்லை, நம்மள்ல எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்?

பெரிய விஷயம் கேமரா. 6.14-க்கு அப்புறம் வந்த கேமராக்களோட ரா பைல் லைட்ரூம் 6-க்குப் புரியாது. சோனி ஏ7 3, கேனான் ஈ.ஓ.எஸ். ஆர், நிக்கான் இசட்6 எல்லாமே 2018-ல வந்தவை. அதனால புது பாடி வாங்கின அன்னிக்கு எல்லாரும் "சரி, சந்தா போட்டுடுவோம்"னு போயிடுறாங்க. அவசரப்படாதீங்க. அடோபியே டி.என்.ஜி. கன்வெர்ட்டர்னு ஒண்ணு இலவசமா தர்றாங்க. புது கேமராவோட ரா பைலை அதுல போட்டு, பழைய வெர்ஷனுக்கு ஏத்த செட்டிங்ல டி.என்.ஜி.யா மாத்தினா லைட்ரூம் 6 திறந்துடும். பொழுதுபோக்குக்கு 100 படம் எடுக்குறவருக்கு இது போதும். ஒரு கல்யாணத்துல 3,000 படம் எடுக்குறவருக்கு இது கூடுதல் நேரம், கூடுதல் ஹார்ட் டிஸ்க். அந்த நேரத்தைக் கணக்குல எடுத்துக்கணும்.

அடுத்தது கம்ப்யூட்டர். மேக் வெச்சிருக்கீங்கன்னா, 2019-ல வந்த கேட்டலினாவோட 32 பிட் புரோகிராம்களுக்கு ஆப்பிள் கதவைச் சாத்திடுச்சு. சி.எஸ்.6, லைட்ரூம் 6 ரெண்டோட இன்ஸ்டாலரும் 32 பிட், புது மேக்ல ஏத்த முடியாது. விண்டோஸ்ல நிலைமை பரவாயில்லை. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிஞ்சுது. விண்டோஸ் 11-ல பழைய லைட்ரூமை ஓட்டுறவங்க இருக்காங்க, ஆனா ஏதாவது பிரச்சினைனா அடோபிகிட்ட போய் நிக்க முடியாது. லேப்டாப் மாத்துறதா இருந்தா, பழசுல லைசென்ஸை டிஆக்டிவேட் பண்ணிட்டு மாத்துங்க. ஆக்டிவேஷன் சர்வர் எப்பவும் இருக்கும்னு நம்ப முடியாது. சி.எஸ்.2, சி.எஸ்.3-க்கானதை ஏற்கெனவே மூடிட்டாங்க.

புது வீட்டால வருமானம் கூடுதா?

இதுதான் முக்கியமான கணக்கு, கொஞ்சம் நிதானமா பார்ப்போம்.

புது லைட்ரூம் கிளாசிக்ல ரெண்டு விஷயம் நிஜமாவே பெரிசு. 2021 அக்டோபர்ல வந்த மாஸ்கிங், ஆளை மட்டும், வானத்தை மட்டும் தானா பிரிச்சுக் குடுக்கும். 2023 ஏப்ரல்ல வந்த ஏ.ஐ. டீநாய்ஸ், மங்கலான வெளிச்சத்துல எடுத்த படத்தோட புள்ளிகளைச் சுத்தம் பண்ணும். நம்ம மண்டபத்து ரிசப்ஷன் லைட்டிங் தெரியும் இல்லையா? ஊதா, பச்சை, அப்புறம் திடீர்னு இருட்டு. அங்க இது உதவும்.

ஆனா "உதவும்"ங்குறதை ரூபாயா மாத்தணும். உங்களுக்கு வருஷத்துக்கு 10 நிகழ்ச்சி, ஒவ்வொண்ணுலயும் 3 மணி நேரம் மிச்சம் ஆகுதுனு வெச்சுக்குவோம். மொத்தம் 30 மணி நேரம். சந்தா 12,000. அப்போ ஒரு மணி நேரத்தை 400 ரூபாய்க்கு வாங்குறீங்க. அந்த ஒரு மணி நேரத்துல 400 ரூபாய்க்கு மேல சம்பாதிக்க முடியும்னா, இல்ல அந்தத் தூக்கம் உங்களுக்கு 400 ரூபாய் பெறும்னா, சந்தா சரி. வருஷத்துக்கு ரெண்டே நிகழ்ச்சினா மணிக்கு 2,000 ரூபாய் ஆகுது. சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு மொய்யோட சேர்த்து இலவச ஆல்பமும் குடுக்குறவர்னா சொல்லவே வேண்டாம்.

3 மணி நேரம்னு நான் சொன்னது வெறும் உதாரணம். 7 நாள் டிரயல் இருக்கு. அதைச் சும்மா ஒரு சனிக்கிழமை போட்டுப் பார்த்து வீணாக்காதீங்க. ஒரு நிஜ கல்யாணம் முடிஞ்ச மறுநாள் ஆரம்பிச்சு, கடிகாரத்தைப் பார்த்து அளந்துக்கங்க. கார்டு குடுத்துதான் டிரயல் ஆரம்பிக்கும், அதனால ஆறாவது நாளுக்கு மொபைல்ல அலாரம் வைங்க.

இன்னொண்ணு. வாடகை 12 மாசமும் போகும், வருமானம் வராது. ஆடியில கல்யாணம் இல்லை, மார்கழியில இல்லை, புரட்டாசியில நிறைய வீட்டுல வைக்க மாட்டாங்க. "சரி, அந்த மாசம் நிறுத்திட்டு தை பொறந்ததும் போட்டுக்கலாமே"ன்னா, இங்கதான் மாட்டிக்கிறாங்க. மாசா மாசம் பணம் கட்டுறதும் மாசாந்திர பிளானும் ஒண்ணு இல்லை. "வருஷ ஒப்பந்தம், மாசத் தவணை"னு ஒரு வகை இருக்கு. முதல் 14 நாள் தாண்டி அதை நடுவுல நிறுத்தினா, மீதி மாசங்களுக்கான தொகையில பாதியைக் கேப்பாங்க. இந்தக் கட்டணத்தைச் சரியா தெரியப்படுத்தலன்னு அமெரிக்காவோட எஃப்.டி.சி. 2024 ஜூன்ல அடோபி மேல வழக்கே போட்டுச்சு. பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி எந்த வகைனு ரெண்டு தடவை படிங்க. ஆர்.பி.ஐ. விதிப்படி ஆட்டோ டெபிட்டுக்கு 24 மணி நேரம் முன்னாடி பேங்க் தகவல் அனுப்பும். ஆனா 15,000 ரூபாய்க்குள்ள இருந்தா ஓ.டி.பி. கேக்காம போயிடும்.

"டேக்ஸ்ல கழிச்சுக்கலாமே சார்?"

இல்லை. சம்பளத்துல இருந்து கழிக்க பெரும்பாலும் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் மட்டும்தான். போட்டோகிராபி வருமானத்தைத் தனியா தொழில் வருமானமா காட்டினா கதை வேற, அப்போ ஐ.டி.ஆர். 1 போட முடியாது. நிறைய பேர் 44ஏடி அனுமான வரி முறையில, டிஜிட்டல்ல வந்த ரசீதுக்கு 6%, ரொக்கத்துக்கு 8% லாபம்னு காட்டுறாங்க. அந்த முறையில எல்லாச் செலவும் ஏற்கெனவே கழிச்ச மாதிரிதான், சந்தாவைத் தனியா கழிக்க முடியாது. 2026 ஏப்ரல்ல இருந்து புதுச் சட்டத்துல பிரிவு எண் மாறினாலும் முறை இதுதான். முழுக் கணக்கு எழுதினா 12,000-ம் செலவு. 20% ஸ்லாப்ல செஸ்ஸோட 2,496 ரூபாய் மிச்சம், மீதி 9,504 உங்க பாக்கெட்ல இருந்துதான் போகுது. புது முறையில மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள்ளனா வரியே இல்லை, அப்புறம் எதை மிச்சம் பண்றது?

விலையைப் பார்க்கும்போது 18% ஜி.எஸ்.டி. சேர்ந்ததானு பாருங்க. (ரோடு இல்லை, வரி.) பதிவு பண்ணாதவருக்கு அந்த வரி திரும்ப வராது.

"ரிச்சி ஸ்ட்ரீட் போனா கிராக் கிடைக்குமே"னு கேக்குறவங்களுக்கு: காப்புரிமைச் சட்டம் 63பி-ன்படி, தெரிஞ்சே கள்ள சாப்ட்வேர் உபயோகிச்சா 7 நாள்ல இருந்து 3 வருஷம் வரை சிறை, 50,000-ல இருந்து 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்காக இல்லன்னா கோர்ட் இரக்கம் காட்டலாம். நீங்க காசு வாங்கிக்கிட்டு கல்யாணம் எடுக்குறீங்க.

அதுக்கு அவசியமும் இல்லை. டார்க்டேபிள், ரா தெரபி, கிம்ப் மூணும் இலவசம். அஃபினிட்டியை வாங்கின கேன்வா, 2025 அக்டோபர்ல இருந்து அதையும் இலவசமாக்கிட்டாங்க. பழகுறதுக்குச் சில வாரம் ஆகும். பறவை எடுக்குறவங்களுக்கு என் ஓட்டு இதுக்குத்தான்.

மாறுறதுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா ஒரு வேலை பாக்கி இருக்கு. லைட்ரூம் கிளாசிக் உங்க பழைய கேட்டலாக்கைப் புதுசா ஒரு நகல் எடுத்து மாத்திக்கும். அந்தப் புதுசு லைட்ரூம் 6-ல திறக்காது. சந்தாவை நிறுத்தினா படங்களைப் பார்க்கலாம், எக்ஸ்போர்ட் பண்ணலாம், ஆனா டெவலப் பகுதி பூட்டிக்கும். அதனால பழைய கேட்டலாக்கையும், அதோட இன்ஸ்டாலர், சீரியல் நம்பரையும் வேற ஒரு ஹார்ட் டிஸ்க்ல எடுத்து வெச்சுட்டு, அப்புறமா டிரயல் பட்டனை அழுத்துங்க.