உப்புத் தண்ணிக்கு எந்தப் பூச்செடி?

நொய்யலோரத்துக் கிணறுகள் கெட்ட கதை நமக்குத் தெரியும். பாசனத்துக்கென்று 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. மண்ணில் இறங்கிய உப்பு உத்தரவு கேட்டா வெளியே போகும்? அந்தத் தண்ணியை வைத்துக்கொண்டு வாசலில் என்ன பூச்செடி வளர்ப்பது?

முதலில் அரளி. உப்பையும் வறட்சியையும் தாங்கும், சாமிக்கும் பூ ஆச்சு. ஆனால் செடி முழுக்க விஷம். காய்ந்த இலையும் விஷம்தான். கவாத்துக் குச்சியை ஆடு மாடு எட்டும் இடத்தில் போடாதீங்க. அடுத்து காகிதப்பூ. தண்ணி குறைத்தால்தான் நன்றாகப் பூக்கும். செம்பருத்தி ஓரளவுதான் தாங்கும். புதுத் துளிரில் பூப்பதால் அவ்வப்போது கவாத்து வேண்டும். இட்லிப்பூவை ஆசைப்பட்டு வைக்காதீங்க. காரமண்ணில் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை வெளுத்துவிடும். எவ்வளவு சாணி போட்டும் நம் தண்ணிக்கு அது தேறுவது சிரமம்.

தினமும் கொஞ்சம் தெளித்தால் நீர் ஆவியாகி, உப்பு மேல்மண்ணில் படியும். இடைவெளி விட்டு, இலையில் படாமல், ஆழமாக ஊற்றுங்க. மூடாக்குக்கு சருகு, தென்னை மட்டை போதும். சும்மா கிடைக்கிறதென்று பனியன் வேஸ்ட்டைப் போட வேண்டாம். அதில் சாயமும் பாலியஸ்டரும் இருக்கும். ஐப்பசி மழையில் கூரைத் தண்ணியைச் செடியடிக்குத் திருப்பிவிட்டால், வேரடி உப்பு கொஞ்சம் கீழே இறங்கும்.