பனி ஏன் சாம்பல் நிறமாகிறது?

2019 பிப்ரவரியில் ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள ட்சுருயி கிராமத்திற்குச் சென்றிருந்தேன். கொக்குகள் இருக்கும் இடம் என்பதுதான் ஊர்ப் பெயரின் பொருள். டான்ச்சோ எனப்படும் இந்தக் கொக்கு நம் வயல்களில் நிற்கும் கொக்கு அல்ல. சுமார் ஒன்றரை மீட்டர் உயரம். உடல் வெள்ளை, கழுத்து கறுப்பு, உச்சந்தலையில் மட்டும் சிவப்பு. பனிக்காலத்தில் இவற்றுக்குத் தீனி வைக்கும் சரணாலயம் ஒன்று 1987 முதல் அங்கே உள்ளது.

முதல் நாள் எடுத்த படங்களை இரவு லேப்டாப்பில் பார்த்தேன். பனி நனைந்த சிமென்ட் போல இருந்தது. கொக்குகளும் அழுக்காகத் தெரிந்தன.

கேமராவில் கோளாறு இல்லை. எதிரே இருப்பது பனி என்று அதற்குத் தெரியாது. எந்தக் காட்சியும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டே அது வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. எல்லாமே வெள்ளையாக இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். எனவே நாம்தான் கூட்ட வேண்டும். கேமராவில் +/- குறியிட்ட பட்டன் இருக்கும். இதற்கு எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்று பெயர். பனிக்கு +1 முதல் +2 வரை வைக்கச் சொல்வார்கள்.

மறுநாள் +2 வைத்தேன். நல்ல வெயில். சரணாலயத்தில் ஒரு ஜோடி எதிரெதிரே குதித்து நடனமாடியது. நாற்பது படங்கள் எடுத்தேன். இரவில் பார்த்தால் பனி வெள்ளைதான்; ஆனால் கொக்கின் உடலில் ஓர் இறகுகூட இல்லை! சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255-ஐத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் வெறும் வெள்ளை மட்டுமே பதிவாகும். எந்த சாப்ட்வேராலும் அதை மீட்க முடியாது. சாம்பலான முதல் நாள் படங்களையாவது சரி செய்ய முடிந்தது.

மூன்றாம் நாள் விடியலில் ஒடோவா பாலத்தில் நின்றேன். கீழே செட்சுரி ஆறு உறையாமல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கொக்குகள் இரவில் தங்குவது அதில்தான். இம்முறை +1 வைத்து, ஒவ்வொரு முறையும் ஹிஸ்டோகிராம் பார்த்தேன். வரைபடம் வலது ஓரத்தை நெருங்க வேண்டும், அங்கே முட்டி நிற்கக் கூடாது. ஜேபெக்குடன் ராவ் பைலும் பதிவு செய்தேன்.

வீட்டில் இலவச ஜிம்ப் சாப்ட்வேரே போதும். (ராவ் பைலைத் திறக்க டார்க்டேபிள் அல்லது ராதெரப்பியும் நிறுவ வேண்டும். இவையும் இலவசம்.) கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் கட்டளையைக் கிளிக் செய்யுங்கள். இன்புட் வரைபடத்தின் கீழே வலது ஓரத்திலுள்ள வெள்ளை முக்கோணத்தை, வரைபடம் முடியும் இடம் வரை மவுஸால் இடதுபுறம் இழுங்கள். பனி 240-ஐ ஒட்டி நின்றால் போதும்.

பனி நிழலில் தெரியும் நீலத்தை முழுவதும் நீக்கிவிடாதீர்கள். அது வானத்தின் நிறம். நான் ஒருமுறை நீக்கிப் பார்த்தேன்; விடியற்காலைப் படம் நடுப்பகல் ஆகிவிட்டது!

திருத்திய படத்தை வேறு பெயரில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஒரிஜினல் அப்படியே இருக்கட்டும். அந்த நாற்பது நடனப் படங்களும் இன்னும் என் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன.